ஓய்வுக் காலத்தில் ஆரம்பிப்பவர்களுக்கு: நெடுநாள் ஆசைக்கு நேரம் எடுப்பது எப்படி

வயலின் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது எனக்குப் பதினோரு வயதில் வந்த ஆசை. படிப்பு, வேலை, கல்யாணம், பிள்ளைகள், மாமியார் படுத்த படுக்கையாக இருந்த ஆறு வருடம் என்று அது பின்னால் போய்க்கொண்டே இருந்தது. ஓய்வு பெற்றதும் முதல் வேலை அதுதான் என்று எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தேன். 58 வயதில் ஓய்வு பெற்றேன். அடுத்த ஒரு வருடத்தில் வயலினைத் தொடக்கூட இல்லை.

அந்த வருடம் நான் சும்மாவும் இருக்கவில்லை. அலமாரிகளை ஒழித்து அடுக்கினேன். உறவுக்காரர்களுக்குத் துணையாக மருத்துவமனைக்குப் போய் வந்தேன். பேரனைப் பார்த்துக்கொண்டேன். வேலைக்குப் போன காலத்தில் அரை மணியில் முடித்த வங்கி வேலை, இப்போது அரை நாளைத் தின்றது. ராத்திரி படுக்கும்போது "இன்றைக்கும் நேரமே கிடைக்கவில்லை" என்று உண்மையாகவே நம்பினேன்.

இது எனக்கு மட்டும் நடப்பதில்லை. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் ஒரு கட்டுரை எழுதினார். எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவையும் நிரப்பும்படி வேலை விரியும் என்பது அதன் சாரம். அவர் சொன்ன உதாரணமே ஓய்வாக இருக்கும் ஒரு மூதாட்டிதான். உறவுப் பெண்ணுக்கு ஒரு தபால் அட்டை எழுதி அனுப்புவதில் அவருக்கு ஒரு நாளே போய்விடும். அட்டையைத் தேட ஒரு மணி நேரம், கண்ணாடியைத் தேட ஒரு மணி நேரம், குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று யோசிக்கக் கொஞ்ச நேரம். வேலை நெருக்கடியில் இருக்கும் ஒருவர் அதே அட்டையை மூன்று நிமிடத்தில் எழுதி அனுப்பிவிடுவார்.

ஆகவே ஓய்வு பெற்றதும், பிள்ளைகள் தனியே போனதும், கடன் முடிந்ததும் நேரம் தானாக வரும் என்று காத்திருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: காலியான நேரம் காலியாகவே நமக்காகக் காத்திருக்காது. நாம் பெயர் எழுதி வைக்காத நேரத்தில் வேறு யாராவது, வேறு ஏதாவது வந்து உட்கார்ந்துவிடும். கீழே எழுதியிருப்பது அந்தப் பெயரை எப்படி எழுதுவது என்பதைப் பற்றித்தான்.

முதலில் ஒரே ஒன்றை எடுங்கள்

ஒரு தாளை எடுத்து, இத்தனை வருடமாக "எப்போதாவது" என்று தள்ளி வைத்த எல்லாவற்றையும் எழுதுங்கள். நீச்சல், ஓவியம், புதிய மொழி, மலையேற்றம், அப்பாவின் கதையை எழுதுவது, விட்டுப்போன பட்டம், எதுவானாலும் சரி. கூச்சப்பட வேண்டாம், அந்தத் தாளை யாருக்கும் காட்டப் போவதில்லை.

எழுதி முடித்ததும், ஒவ்வொன்றும் எதைக் கேட்கிறது என்று பக்கத்தில் குறியுங்கள். சில ஆசைகள் முழங்காலையும் மூச்சையும் கேட்கும். சில கண்ணையும் விரல்களையும் கேட்கும். சிலவற்றுக்கு உட்கார ஓர் இடம் இருந்தால் போதும். தசை வலு நடுவயதிலேயே மெதுவாகக் குறைய ஆரம்பித்து, அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. சொல்வளமோ அறுபதுகளிலும் பெரும்பாலோருக்கு நன்றாகவே இருக்கிறது. அதனால் மலையேறுவதும் நாவல் எழுதுவதும் ஒரே தாளில் இருந்தால் மலைக்கு முதலிடம் கொடுங்கள். நாவல் ஐந்து வருடம் பொறுக்கும், முழங்கால் பொறுக்காது.

இன்னொரு கெடுவும் உண்டு, பலர் இதை யோசிப்பதில்லை. என் நண்பர் ஒருவருக்குத் தன் குடும்பத்தின் கதையை எழுத வேண்டும் என்று ஆசை. உட்கார்ந்து செய்கிற வேலைதானே, பிறகு பார்க்கலாம் என்று வைத்திருந்தார். ஆனால் அந்தக் கதை முழுவதும் தெரிந்த ஒரே ஆள் அவருடைய அத்தை. அவருக்கு 88 வயது. நண்பர் எழுதுவதை அப்படியே ஒத்திவைத்துவிட்டு, வாரம் ஒரு நாள் அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கைபேசியில் அவர் பேச்சைப் பதிவு செய்யத் தொடங்கினார். எழுத்தை எப்போது வேண்டுமானாலும் ஆரம்பிக்கலாம் என்று புரிந்துகொண்ட பிறகுதான் அவருக்கு எதை முதலில் செய்ய வேண்டும் என்று தெரிந்தது. உங்கள் ஆசையில் இன்னொருவருடைய ஆயுளும் கலந்திருக்கிறதா என்று பாருங்கள். கலந்திருந்தால் அதுவே முதல் வரிசை.

இரண்டை ஒரே சமயத்தில் ஆரம்பிக்காதீர்கள். மற்றவை தாளில் இருக்கட்டும், ஓடிப் போகாது.

அந்த ஆசையில் உயிர் எங்கே இருக்கிறது?

எடுத்த ஆசையை அப்படியே முழுசாகத் தூக்க முயலாதீர்கள். பல வருடமாக மனதில் ஊறிய ஆசை நாளுக்கு நாள் பெருத்திருக்கும். அதில் எந்தத் துண்டு உண்மையாகவே உங்களுடையது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதற்கு நான் செய்தது எளிய காரியம். கண்ணை மூடி, ஆசை நிறைவேறிவிட்டதாக நினைத்துக்கொண்டு, என்ன காட்சி தெரிகிறது என்று பார்த்தேன். மேடை தெரியவில்லை, சான்றிதழ் தெரியவில்லை. சாயங்கால வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து, சின்ன வயதில் பக்கத்து வீட்டிலிருந்து கேட்ட ஒரு மெட்டை முதலிலிருந்து கடைசிவரை நான் வாசிக்கிறேன். அவ்வளவுதான்.

அது தெரிந்ததும் வேலை பாதியாகக் குறைந்தது. தேர்வுகள் வேண்டாம், பாடத்திட்டம் முழுவதும் வேண்டாம், ஒரு நாளில் மூன்று மணி நேரப் பயிற்சியும் வேண்டாம். அந்த ஒரு மெட்டை நோக்கிப் போகத் தேவையானதை மட்டும் கற்றுக்கொடுங்கள் என்று ஆசிரியரிடம் சொன்னேன். அவரும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார்.

கென்யாவைச் சேர்ந்த கிமானி மருகே 2004-இல், 84 வயதில், தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்பில் சேர்ந்தார். அவ்வளவு வயதில் தொடக்கப் பள்ளியில் சேர்ந்தவர் என்று உலக சாதனைப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. அவருக்கு இருந்த ஆசை "கல்வி" என்ற பெரிய சொல் அல்ல. பைபிளைத் தன் கண்ணால் படிக்க வேண்டும், அதுதான். ஆசை இவ்வளவு தெளிவாக இருந்தால் எங்கே போக வேண்டும், யாரைக் கேட்க வேண்டும் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

"உலகம் சுற்ற வேண்டும்" என்று சொல்கிறவருக்கு உண்மையில் வேண்டியது, தன்னை யாருக்கும் தெரியாத ஓர் ஊரில் ஒரு மாதம் தங்குவதாக இருக்கலாம். "புத்தகம் போட வேண்டும்" என்கிறவருக்கு, தன் வாழ்க்கையைப் பேரப்பிள்ளைகள் படிக்க வேண்டும் என்பது மட்டுமே இருக்கலாம். அதற்குப் பதிப்பகம் தேவையில்லை. இதை ஆசையைக் குறைத்துக்கொள்வதாக நினைக்க வேண்டாம். ஓட்டை உடைத்தால்தான் பருப்பு கிடைக்கும்.

ஒரு வாரம் கணக்கு எழுதுங்கள்

ஒரு வாரத்தில் 168 மணி நேரம். அரை மணிக்கு ஒரு கட்டம் என்று போட்டால் 336 கட்டங்கள். ஒரு பெரிய தாளில் கட்டம் போட்டு, ஒரு வாரம் என்ன செய்தீர்கள் என்று அவ்வப்போது குறித்து வாருங்கள். வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் பயனில்லை, நினைவு நமக்குச் சாதகமாகவே பேசும். அந்த வாரம் எதையும் திருத்த முயலாதீர்கள். வழக்கம்போல இருங்கள், எழுத மட்டும் செய்யுங்கள்.

கூடவே இன்னொன்றையும் குறிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்தப் பயிற்சியின் மதிப்பே இதில்தான் இருக்கிறது. மனம் தெளிவாக இருந்த கட்டங்களுக்கு ஒரு நட்சத்திரம் போடுங்கள், அசந்துபோன கட்டங்களுக்கு ஒரு கோடு. வயது ஏற ஏற மனிதர்கள் பெரும்பாலும் காலை ஆட்களாக மாறுகிறார்கள். தூக்கமும் விழிப்பும் முன்னால் நகர்ந்துவிடுகின்றன. எல்லோருக்கும் அப்படியே இருக்கும் என்றில்லை, உங்கள் தாளே சொல்லும்.

என் தாளில் நட்சத்திரங்கள் எல்லாம் காலை ஐந்தரைக்கும் எட்டுக்கும் நடுவில் இருந்தன. அந்த நேரத்தில் நான் செய்தித்தாளை முழுசாகப் படித்தேன், கைபேசியில் வந்த காலை வணக்கங்களுக்குப் பதில் அனுப்பினேன். வயலினுக்கு என்று மனதில் வைத்திருந்த ராத்திரி எட்டு மணியில் வரிசையாகக் கோடுகள். ஒரு வருடமாக நான் தோற்றதற்குக் காரணம் அந்தத் தாளில் கண்ணெதிரே இருந்தது. என்னிடம் மிச்சமாக இருந்ததைத்தான் ஆசைக்குக் கொடுக்க நினைத்திருந்தேன். அந்த நேரத்துக்கு மிச்சமே இருப்பதில்லை.

தூக்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 65 வயதுக்கு மேலும் ஏழிலிருந்து எட்டு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பதுதான் பொதுவான மருத்துவ அறிவுரை. தூக்கத்தைத் திருடிக் கற்றது மறுநாள் காலையில் பாதி மறந்திருக்கும்.

எதை விடுவது

இனி கஷ்டமான பகுதி. எதையும் விடாமல் இதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால் நடக்காது. நட்சத்திரம் போட்ட கட்டங்களில் இப்போது யார், எது உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதில் ஒன்றை முழுசாக எழுப்பி வேறு இடத்துக்கு அனுப்ப வேண்டும். இங்கே பத்து நிமிடம், அங்கே பத்து நிமிடம் என்று கிள்ளி எடுப்பது சில வேலைகளுக்குத்தான் ஒத்துவரும். புதிய மொழியின் சொற்களை அப்படி மனப்பாடம் செய்யலாம். இசைக்கருவிக்கும் ஓவியத்துக்கும் எழுத்துக்கும் ஒட்டுமொத்தமாக ஒரு துண்டு நேரம் வேண்டும். உட்கார்ந்து மனம் அடங்கவே பத்து நிமிடம் ஆகிறதே.

நான் விட்டது காலைச் செய்தித்தாள். ஒழித்துவிடவில்லை, மதியம் சாப்பிட்ட பிறகு படிக்கிறேன். அசந்த நேரத்தில் படித்தாலும் செய்தி செய்திதான். இப்படி இடம் மாற்றினாலே போதுமான வேலைகள் உங்கள் தாளிலும் நிறைய இருக்கும்.

உடம்பைச் சார்ந்த ஆசை என்றால், ஏற்கெனவே செய்கிற ஒன்றோடு அதைச் சேர்க்க முடியும். ஜப்பானைச் சேர்ந்த யூச்சிரோ மியுரா 70, 75, 80 என்று மூன்று வயதுகளில் எவரெஸ்ட் உச்சியைத் தொட்டவர். கடைசியாக ஏறியது 2013-இல். அவர் பயிற்சியின் பெரும்பகுதி நடைதான். முதுகில் பாரத்தையும் கணுக்காலில் எடையையும் கட்டிக்கொண்டு நடப்பார். தினமும் நடக்கப் போகிறவருக்கு இது தனி நேரம் கேட்காத பயிற்சி. (இதய நோயோ மூட்டுவலியோ இருந்தால், எடை சேர்ப்பதற்கு முன்னால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.)

"எனக்கு விடுவதற்கே ஒன்றும் இல்லை" என்பவர்கள் இருக்கிறார்கள். இன்னும் வேலைக்குப் போகிறவர்கள், நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள். அவர்களிடம் காலையில் எழுந்திருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது நியாயமில்லை.

வேலையில் இருப்பவர்களுக்கு ஆன்டனி டிரோலப்பின் வழி கொஞ்சம் உதவலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில நாவலாசிரியர் இவர், பல வருடம் தபால் துறையில் முழுநேர அதிகாரி. காலை ஐந்தரை மணிக்கு மேசையில் இருப்பார், மூன்று மணி நேரம் எழுதுவார், அப்புறம் வேலைக்குப் போவார். எதிரே கடிகாரத்தை வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொற்கள் என்று தனக்கே கணக்கு வைத்திருந்தார். நாற்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள் அப்படி வந்தன. அவரைத் தினமும் எழுப்பிவிட ஒரு வயதான பணியாளர் இருந்தார், அதற்கென்று தனியாகச் சம்பளமும் கொடுத்தார். நான் கவனிப்பது அந்தப் பணியாளரைத்தான். டிரோலப்கூடத் தனியாகச் செய்யவில்லை, எழுப்பிவிட ஓர் ஆளை வைத்துக்கொண்டார்.

நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குத் தேவையும் அந்த ஓர் ஆள்தான். வாரத்தில் ஒரு நாள், இரண்டு மணி நேரம், உங்கள் இடத்தில் உட்கார ஒருவர். நாத்தனாரோ, தம்பியோ, பழைய அலுவலகத் தோழியோ. நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டுக் கேளுங்கள்: "சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை வந்து அம்மாவோடு இருக்க முடியுமா?" பொதுவாக "உதவி வேணும்" என்றால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் வர மாட்டார்கள். மாமியாருடைய ஆறு வருடத்தில் நான் இப்படி ஒருவரையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வந்திருப்பார்கள் என்று இப்போது தெரிகிறது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கொஞ்சம்தான், ஆனாலும் ஆறு வருடத்துக்கு அது அறுநூறு மணி நேரத்துக்கு மேல்.

வீட்டில் சொல்லிவிடுங்கள்

சொல்லாமல் எடுக்கும் நேரம் நிலைக்காது. "எனக்கும் கொஞ்சம் நேரம் வேணும்" என்று சொன்னால் வீட்டில் இருப்பவர்கள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வார்கள், தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைப்பார்கள். மணியைச் சொன்னால் ஒருவருக்கும் வருத்தம் வராது. என் மகளோடு நடந்த பேச்சு இது:

"அம்மா, நாளையிலேர்ந்து குட்டியை ஆறரைக்கே விட்டுட்டுப் போகட்டுமா? டிராஃபிக் இருக்காது."

"ஏழரைக்குக் கொண்டு வாம்மா. ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நான் வாசிப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான். உனக்கு அவசரம்னா கூப்பிடு, வந்துடறேன். அவசரமில்லாத நாள்ல ஏழரை."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "பாட்டி வாசிக்கிறதை அவன் ஒருநாள் வந்து கேக்கலாமா?" என்றாள். நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. அவசரம் என்று அவள் கூப்பிட்டது இதுவரை நான்கு முறை, நான்கு முறையும் போனேன். என் வீட்டுக்காரர் "நான் என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லு" என்றார். அந்த ஒரு மணி நேரம் வாசல் மணிக்கும் தொலைபேசிக்கும் அவர் பொறுப்பு.

எல்லா வீட்டிலும் இவ்வளவு சுலபமாக முடியாது. முதல் இரண்டு மூன்று வாரம் சோதித்துப் பார்ப்பார்கள். அந்த வாரங்களில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் அந்த நேரம் போனதுதான். அப்போது மட்டும் கொஞ்சம் உறுதியாக இருங்கள்.

நேரத்தைக் கட்டிப் போடுங்கள்

"காலையில் பயிற்சி செய்வேன்" என்பது போதாது. எது முடிந்ததும், எந்த இடத்தில், எதைச் செய்வேன் என்று ஒரே வாக்கியமாக எழுதி வையுங்கள். இப்படி "இது நடந்ததும் அது செய்வேன்" என்று முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே எண்ணம் மட்டும் வைத்திருப்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள் என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலிருந்து பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார். என் வாக்கியம்: "பல் தேய்த்து முகம் கழுவியதும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து வில்லைக் கையில் எடுப்பேன்." வாசிப்பேன் என்றுகூட அதில் இல்லை. வில்லை எடுத்துவிட்டால் அப்புறம் வாசிக்காமல் இருக்க முடிவதில்லை.

பொருள் கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். அலமாரி மேல்தட்டில், உறைக்குள் இருக்கும் கருவி காலை ஆறு மணிக்குக் கீழே இறங்காது. ராத்திரியே நாற்காலி, கண்ணாடி, குறிப்பு நோட்டு, விளக்கு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கட்டும்.

பயணத்தையும் கணக்கில் சேருங்கள். நான் முதலில் சேர்ந்த வகுப்பு நல்ல வகுப்பு, ஆனால் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். நாற்பது நிமிடப் பாடத்துக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம் போனது. மூன்றாவது வாரத்தில் நின்றுவிட்டேன், அதற்கு என்னையே சோம்பேறி என்று திட்டிக்கொண்டேன். பிறகு பக்கத்திலேயே, நடந்து போகும் தூரத்தில் ஓர் ஆசிரியர் கிடைத்தார். முதலாமவர் அளவுக்குப் பெயர் பெற்றவரில்லை. ஆனால் மூன்று வருடமாக அவரிடம் ஒழுங்காகப் போகிறேன். தொடக்கக்காரருக்குச் சிறந்த ஆசிரியரைவிடப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் மேல் என்பது என் முடிவு.

வாங்குவதைப் பற்றி ஒன்று. எல்லாவற்றையும் வாங்கிவிட்டு ஆரம்பிக்க வேண்டாம். வாங்கும்போதே ஆரம்பித்துவிட்ட திருப்தி வந்துவிடும், அங்கேயே நின்றும் போகும். முதல் மூன்று மாதம் இரவல் அல்லது வாடகை.

முதல் மாதம் ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். ஒதுக்கியது ஒரு மணி நேரமாக இருந்தாலும், இருபதாவது நிமிடத்தில் எழுந்துவிட அனுமதி உண்டு. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைப் பன்னிரண்டு வாரம் கவனித்தார்கள். புதிய செயல் ஒன்று தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆனால் ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள்வரை வித்தியாசம். ஆகவே ஒரு மாதமாகியும் இன்னும் மனதைத் தள்ளித்தான் உட்கார வைக்க வேண்டியிருக்கிறதே என்று சோர்ந்துவிடாதீர்கள். அதே ஆய்வில் தெரிந்த இன்னொன்று எனக்கு மிகவும் ஆறுதல் தந்தது: ஒரு நாள் விட்டுப்போவது பழக்கத்தை ஒன்றும் செய்துவிடவில்லை.

மூத்த உடம்போடு கற்பது

இருபது வயதுக்காரரைவிட நமக்கு மெதுவாகத்தான் வரும். அவருக்கு ஐந்து முறை போதுமான இடத்தில் நமக்குப் பதினைந்து முறை தேவைப்படலாம். அது கற்க முடியாது என்பதாகாது. அமெரிக்காவில் டெனிஸ் பார்க் நடத்திய ஆய்வு ஒன்றில் 60 முதல் 90 வயதுக்காரர்கள் மூன்று மாதம், வாரத்துக்குச் சுமார் 15 மணி நேரம், தங்களுக்குப் பழக்கமில்லாத டிஜிட்டல் புகைப்படக் கலையோ ஒட்டுத்துணித் தையலோ இரண்டுமோ கற்றார்கள். 2014-இல் முடிவுகள் வந்தன. புதிதாகக் கற்றவர்களுடைய நினைவாற்றல் மேம்பட்டிருந்தது. கூடிப் பேசிப் பொழுதுபோக்கிய குழுவுக்கு அந்த அளவு பலன் இல்லை. கஷ்டமாக இருப்பதே நல்லதுக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒளிதான் போய்ச் சேருகிறது. எனக்கு இசைக்குறிகள் மண்டையில் ஏறவில்லை என்று இரண்டு மாதம் நினைத்தேன். நல்ல மேசை விளக்கு ஒன்று வைத்து, கை எட்டும் தூரத்துக்கு ஏற்ற கண்ணாடியும் போட்டதும் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

முடியாததை வேறு வழியில் ஈடுகட்டுவதும் ஒரு திறமை. பியானோக் கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனிடம் எண்பது வயதிலும் எப்படி வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு அவர் சொன்னதை, முதுமையை ஆராய்ந்த பால் பால்டெஸ் அடிக்கடி எடுத்துக்காட்டினார். குறைவான உருப்படிகளை வைத்துக்கொள்கிறேன், அவற்றை அதிகம் பயிற்சி செய்கிறேன், வேகமான பகுதிக்கு முன்னால் கொஞ்சம் மெதுவாக வாசிக்கிறேன், அப்போது அடுத்து வருவது வேகமாகவே கேட்கும் என்பது அதன் சாரம். ஆரம்பிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

உடம்பு ஒரு கதவை மூடினால் பக்கத்துக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். பாட்டி மோசஸ் என்று அமெரிக்கா அழைத்த அன்னா மேரி மோசஸ் கம்பளி நூலால் படங்கள் தைத்துக்கொண்டிருந்தவர். மூட்டுவாதத்தால் ஊசி பிடிக்கக் கை வலித்தபோது, எழுபத்தைந்து வயதுக்கு மேல், தூரிகையை எடுத்தார். 101 வயதுவரை வாழ்ந்தார். இங்கிலாந்தில் மேரி டிலேனி, கணவர் இறந்த பிறகு 1772-இல், 72 வயதில், வண்ணத் தாளை நுணுக்கமாக வெட்டி ஒட்டி மலர்களை உருவாக்க ஆரம்பித்தார். பத்து வருடத்தில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான மலர்கள். கண் பார்வை மங்கியதும் நிறுத்தினார். அவை இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

ஒரு தேதி, ஓர் ஆள்

மூன்று மாதம் கழித்து ஒரு தேதியைக் குறித்து, அன்று யாரோ ஒருவருக்கு நீங்கள் செய்ததைக் காட்டப்போவதாகச் சொல்லிவிடுங்கள். கூட்டம் வேண்டாம், உங்கள்மேல் பிரியமுள்ள ஓர் ஆள் போதும். எனக்கு அது பேரன். மூன்று மாதத்தில் என்னால் வாசிக்க முடிந்தது எட்டுச் சுரங்களும் ஒரு தாலாட்டும். அவன் தரையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு "இன்னொரு தடவை" என்றான்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். நம் வயதில் நோய், அறுவைச் சிகிச்சை, சாவு, மகளின் பிரசவம் எல்லாம் வரிசையில் நிற்கும். அதனால் ஆரம்பிக்கும்போதே மிகச் சிறிய வடிவம் ஒன்றை முடிவு செய்து வையுங்கள். எழுதுகிறவருக்கு ஒரு வரி. ஓவியருக்குக் கையளவு தாளில் ஒரு கோட்டுப் படம். நீந்துகிறவருக்குத் தோளையும் காலையும் சுழற்றும் பயிற்சி. ஒன்றும் முடியாத நாட்களில் அது நூல் அறுந்துபோகாமல் பிடித்துக்கொள்ளும்.

போன வருடம் எனக்கு வலது தோள் இறுகிப்போய்க் கையைத் தூக்க முடியவில்லை. இரண்டரை மாதம் வில்லைப் பிடிக்கவில்லை. ஆனால் காலை ஆறு மணியை யாருக்கும் கொடுக்கவில்லை. அதே நாற்காலியில் உட்கார்ந்து அந்த மெட்டைப் பதிவில் கேட்டேன், இடது கை விரல்களை மட்டும் தந்திகள்மேல் நகர்த்திப் பார்த்தேன். மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு முதல் நாள் சுருதி சேர்த்துவிட்டு வைத்துவிட்டேன். இரண்டாம் நாள் ஐந்து நிமிடம். விட்ட இடத்திலிருந்து தொடர முயலவில்லை, பாதியிலிருந்து ஆரம்பித்தேன். பழைய இடத்துக்கு வர ஒரு மாதம் ஆனது.

இப்போது எனக்கு 62. அந்த மெட்டின் முதல் பாதி கைக்கு வந்துவிட்டது. இரண்டாம் பாதியில் விரல் மேலே ஏறும் ஓர் இடம் இருக்கிறது, அங்கே இன்னும் தடுக்குகிறது. நாளைக் காலை ஆறு மணிக்கு அந்த இடம்தான்.